தொற்றுக்காலத்தில் டிஸ்க் கோல்ஃப்: எதில் கவனம் வேண்டும்?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன். முன்பு வார இறுதிகளில் மூன்று நண்பர்களுடன் டிஸ்க் கோல்ஃப் (பிளாஸ்டிக் தட்டைத் தூரத்திலுள்ள கூடைக்குள் வீசும் விளையாட்டு) விளையாடுவேன். 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி கொவிட் ஊரடங்கு நீக்கப்பட்டதிலிருந்து அவர்கள் மீண்டும் அழைக்கிறார்கள். நால்வரும் இரண்டு தடுப்பூசிகளையும் பெற்றுவிட்டோம். ஆனால் வீட்டில் எழுபது வயதைக் கடந்த, நீரிழிவு உள்ள அம்மம்மா இருக்கிறார். ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னரும் தட்டைக் கிருமிநீக்கியால் துடைத்தால் போதுமா?

பதில்: அன்றைய சுகாதார விதிகள் அனுமதிக்கும்வரை நீங்கள் விளையாடலாம். ஆயினும் தட்டைத் துடைப்பதில் செலவிடும் அக்கறை வேறோர் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

2020இன் தொடக்கத்தில் வெளியான ஆய்வுகூடப் பரிசோதனை ஒன்று, கொரோனா வைரசு பிளாஸ்டிக்கின் மேல் 72 மணித்தியாலம்வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும் எனக் காட்டியதால், தொடும் பொருளையெல்லாம் அஞ்சும் பழக்கம் நம்மிடையே பரவியது. ஆனால் வெயிலில் வைரசு விரைவாகச் செயலிழக்கிறது. மாசடைந்த மேற்பரப்பை ஒரு தடவை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. எனவே ஒருவர் தட்டை மற்றவர் எடுக்காமல் இருப்பதும், விளையாட்டு முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டு 20 விநாடி கழுவுவதும், அதுவரை முகத்தைத் தொடாமல் இருப்பதும் போதுமானவை.

தொற்று பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகிறது. திறந்தவெளியில் காற்று அதை விரைவில் கலைத்துவிடும் என்பதும், ஒவ்வொருவர் தட்டும் ஒவ்வொரு திசையில் விழுவதால் ஆட்டக்காரர்கள் இயல்பாகவே பிரிந்து நடப்பார்கள் என்பதும் இவ்விளையாட்டின் பெரும் சாதகங்கள். ஆனால் முறைக்காகக் காத்திருக்கும் வீச்சிடத்திலும், கூடையைச் சுற்றியும், புதருக்குள் தொலைந்த தட்டை நால்வரும் குனிந்து தேடும்போதும் முகங்கள் நெருங்கிவிடுகின்றன. வீசுபவர் மட்டும் முன்னே நிற்க, மற்றவர்கள் ஒன்றிரண்டு மீற்றர் தள்ளி நிற்கட்டும். கூடையிலிருந்து தட்டை எடுப்பவர் விலகிய பின்னரே அடுத்தவர் நெருங்க வேண்டும். புள்ளிகளை ஒருவரே தமது கைபேசியில் குறித்துக்கொள்ளலாம். கூடையே இல்லாமல், குறித்த ஒரு மரத்தையோ கம்பத்தையோ தட்டு தொட்டால் போதும் என்று ஆடுவது இன்னும் எளிது. 1970களில் எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர், தட்டைத் தடுத்துப் பிடிக்கும் சங்கிலிக் கூடையை உருவாக்குவதற்கு முன்னர் பலரும் அவ்வாறுதான் ஆடினார்கள்.

உண்மையில் நான் அதிகம் கவலைப்படுவது மைதானத்துக்கு வெளியே நடப்பதைப் பற்றித்தான். நால்வரும் கண்ணாடி மூடிய குளிரூட்டிய காரில் நெருங்கி அமர்ந்து செல்லும் அரை மணி நேரம், ஆட்டம் முழுவதையும்விட ஆபத்தானது என்பது என் கணிப்பு. விளையாடிய களைப்பில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தேநீர்க்கடையின் உள்ளே அமர்ந்து பேசுவதும் அப்படித்தான். தனித்தனியே செல்லுங்கள், இயலாவிட்டால் கண்ணாடிகளைத் திறந்து, முகக்கவசத்துடன் பயணியுங்கள். கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் இடிமழை வழக்கமானது. மழை தொடங்கியதும் பூங்காவில் இருப்பவர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்குவார்கள், மரத்தடியோ மின்னலுக்கு ஆபத்தான இடம். ஆகவே அதிகாலையில் ஆடி, வானம் கறுத்தவுடன் வீடு திரும்புவதே நல்லது. மாலையில் காலிமுகத்திடல் போன்ற நெரிசலான இடங்களில் ஆடவே வேண்டாம். அங்கே தொற்று ஒருபுறமிருக்க, 170 கிராம் தட்டு ஒரு குழந்தையின் முகத்தில் படக்கூடும்.

டிஸ்க் கோல்ஃபில் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டம் இல்லாததால், அருகருகே நிற்கும் வேளைகளில் முகக்கவசம் அணிவது சிரமமாக இராது. வியர்வையில் நனைந்தால் அது சரிவரப் பயன்படாது என்பதால், மாற்றுவதற்கு ஒன்றிரண்டு கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

இனி அம்மம்மாவைப் பற்றி. தடுப்பூசி உங்களைக் கடும் நோயிலிருந்து பெரிதும் காக்கும். ஆனால் நீங்கள் தொற்றைச் சுமந்து செல்வதை முழுமையாகத் தடுக்காது. அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் தொற்றைப் பரப்பக்கூடும் என்பதால், எப்போதும் அதே நால்வராக ஆடுவதும், எவருக்கேனும் தொண்டைக் கரகரப்பு இருந்தாலும் அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிடுவதும் அவசியம். இதை நண்பர்கள் முகத்துக்காகத் தளர்த்தாதீர்கள். அம்மம்மாவுக்கும் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டுள்ளனவா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இல்லையெனில் அது முடியும்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடுவதையே பரிந்துரைப்பேன்.

புதர்களில் தட்டுத் தேடும்போது நுளம்பு கடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பின்னர் காய்ச்சல் வந்தால் அது கொவிட்டாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். அதனால் இபுபுறூபன், அஸ்பிரின் போன்றவற்றைத் தவிர்த்து, உரிய அளவில் பரசிட்டமோல் மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மம்மாவிடமிருந்து விலகி வேறு அறையில் இருந்தபடி தாமதமின்றி மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.