கழன்று விழுந்த செருப்பு

கேள்வி: வயது 58. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதித்தால் உயிர் போகிறது. வாரம் ஒருமுறை பெங்களூரு, மாதம் ஒருமுறை சேலம் போய்வர வேண்டும். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் எடுக்க எண்ணம். பெரிய எஸ்யூவியாக எடுங்கள் என்கிறான் மகன். சர்க்கரை 14 வருடமாக உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. போன மாதம் ஓட்டும்போது வலது கால் செருப்பு கழன்று பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கழன்றதே தெரியவில்லை. எந்த வண்டி எடுக்கலாம்?
- ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: ஐயா, முழங்காலைப் பற்றி விலாவாரியாக எழுதிவிட்டு, செருப்பு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எங்களுக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால், சர்க்கரையால் பாதத்து நரம்புகள் மரத்துப்போயிருக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டி இடது காலுக்கு ஓய்வு கொடுக்கும், வாஸ்தவம். ஆனால் ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டும் வலது காலின் பொறுப்பு. எந்தப் பெடலில் கால் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று உணராத பாதத்திடம் அந்த வேலையை ஒப்படைக்க முடியாது.

இன்றே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை வீட்டார் ஒருவர் விரலால் லேசாக, ஓரிரு விநாடி தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டு இடம் தெரியாமல் போனாலே மருத்துவரிடம் போக வேண்டும். அவர் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையாலும், தட்டினால் அதிரும் இசைக்கவையாலும் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். வீட்டுச் சோதனையில் தேறினாலும், செருப்பு கழன்ற கதையை அவரிடம் மறைக்காதீர்கள். 40 வயது கடந்தவர் உரிமம் புதுப்பிக்க மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 1ஏ கேட்கிறார்களே, அதை வெறும் ரப்பர் ஸ்டாம்ப் சமாச்சாரமாக நினைக்க வேண்டாம். ஓட்டக்கூடாது என்று அவர் சொன்னால் புது வண்டியின் சாவி மகனிடம் இருக்கட்டும்.

பாதம் சரி என்றால் வண்டிக்கு வருவோம். மகன் சொல்லும் பெரிய எஸ்யூவி உங்களுக்கு ஆகாது. நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் ஏறுகிறார். இடது கால்தான் முதலில் உள்ளே போகும். இருக்கை உயரமாக இருந்தால் மடங்கிய அந்த முழங்கால்தான் உடம்பையே தூக்க வேண்டும். தாழ்ந்த செடானில் வேறு வம்பு: இறங்கி எழும்போது இரண்டு முட்டியும் கெஞ்சும். ஷோரூமுக்கு டேப் எடுத்துப் போங்கள். நிற்கும்போது முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைவிட அரைச் சாணிலிருந்து முக்கால் சாண் வரை உயர்ந்த இருக்கை உங்களுக்குத் தோது. முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். அதற்கு இடம் விடாத கதவு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வேகன்ஆர், பஞ்ச், மேக்னைட் மூன்றிலும் ஏறி இறங்கிப் பாருங்கள். பஞ்சின் கதவு 90 டிகிரி திறக்கும்.

கியர்பாக்ஸில்தான் விற்பனையாளர்கள் குழப்புவார்கள். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்தான். கிளட்சை உங்களுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. விலை குறைவு, மைலேஜ் நன்று. ஆனால் பெங்களூரு போகும் வழியில் அத்திப்பள்ளி தாண்டி நெரிசலில் ஊர்ந்தால் ஒவ்வொரு கியருக்கும் தலையாட்டும். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திவைத்தால் கிளட்ச் கருகும்; பிரேக்கில்தான் நிறுத்த வேண்டும். பெரும்பாலான ஏஎம்டியில் 'பி' என்ற பார்க்கிங் நிலை கிடையாது; கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு இறங்க வேண்டும். சிவிடி என்பது படிப்படியான கியரே இல்லாத வகை; வழுக்கிக்கொண்டு போகும். வாராவாரம் பெங்களூரு என்பதால் பணம் இடம் கொடுத்தால் சிவிடி, அல்லது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். உலர் கிளட்ச் வைத்த டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், நெரிசலில் சூடேறும், உங்களுக்கு வேண்டாம்.

சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். வழக்கமாக ஓட்டும் 'டி'யில் போட்டுவிட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். இறக்கம் தொடங்கும் முன்பே ஏஎம்டியில் நாமே கியர் மாற்றும் 'எம்' போட்டு மூன்றாவது அல்லது இரண்டாவது கியர், சிவிடியில் 'எல்' போன்ற தாழ்நிலை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது.

டெஸ்ட் டிரைவ் அரை மணிக்குக் குறையக் கூடாது. தினமும் போடும் காலணியோடு போங்கள். அது இனி பின்வார் வைத்த செருப்பாக இருக்கட்டும். பிரேக்கை முழுக்க அழுத்தியும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். உங்களுடையது அந்த வகையா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆமென்றால் சர்க்கரை 90க்குக் கீழே இருக்கும்போது சாப்பிடாமல் சாவியைத் தொடாதீர்கள்.

வண்டி வந்த முதல் வாரம் பழக்கதோஷத்தில் இடது கால் கிளட்சைத் தேடும். அங்கே இருப்பது அகலமான பிரேக். ஓங்கி மிதித்தால் பின்னால் வரும் லாரி உங்கள் டிக்கியில் நிற்கும். இடது காலை ஓரத்து மேடையில் வைத்துவிட்டு, ஏதாவது காலி மைதானத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பழகியபின் பைபாஸ் ஏறுங்கள்.