ஏல வீடு: சாவி யாரிடம் இருக்கிறது?

வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்தவன் என்பதால், கடன் கட்டாதவர்களின் வீட்டை வங்கி ஏலத்தில் விற்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரம்பூர் வாசகர்: சார், 70 லட்சம் போகும் ஃபிளாட்டுக்கு வங்கி ஏலத்தில் 52 லட்சம்தான் போட்டிருக்கிறார்கள். இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்?

52 என்பது ஏலம் தொடங்கும் விலை. நல்ல தெரு, காலியான வீடு, சாவி வங்கி கையில் என்றால் நாலு பேர் போட்டி போட்டு விலையை ஏற்றிவிடுவார்கள். தொடங்கிய விலையை ஒட்டியே முடிகிறது என்றால், ஏன் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் காரணம் சுவாதீனம்தான், அதாவது வீடு யார் கையில் இருக்கிறது என்பது. அறிவிப்பில் 'சிம்பாலிக் பொசஷன்' என்று இருந்தால், வீடு காகிதத்தில் மட்டுமே வங்கியிடம் இருக்கிறது.

நங்கநல்லூரில் அப்படி ஒரு ஃபிளாட்டைப் பார்க்கப் போனேன். கதவில் ஒட்டிய அறிவிப்பின் டேப் பழுத்து, ஒரு மூலை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வீடு அது. அதை ஏலத்தில் எடுத்தவர் முழுப் பணமும் கட்டிவிட்டு, ஒன்றரை வருடம் மடிப்பாக்கத்தில் வாடகை கொடுத்தார். மிச்சம் பிடித்த பணம் வாடகையிலும் வட்டியிலும் கரைந்தது.

அம்பத்தூர் வாசகர்: பணம் எப்படிக் கட்டுவது? லோன் கிடைக்குமா?

முன்பணம் பெரும்பாலும் 10 சதவீதம். ஏலம் உங்களுக்கு முடிந்தால் அன்றோ மறுநாள் வேலை நேரத்துக்குள்ளோ, முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதி 75, ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாளில். வங்கி எழுத்தில் சம்மதித்தால் மூன்று மாதம் வரை நீளலாம். தவறினால் கட்டியது போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பறிமுதல் செல்லும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. லோன் கிடைக்கும், ஆனால் 15 நாளில் கைக்கு வருமா? அதை முதலிலேயே பேசி முடித்துவிட்டு ஏலத்துக்குப் போங்கள்.

வளசரவாக்கம் வாசகர்: நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். வாராக்கடனுக்கு ஈடான சொத்தை வங்கி எடுத்து விற்க வழி செய்யும் சர்பேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவில், வீட்டைக் கையில் எடுத்துத் தரச் சொல்லி வங்கி மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டால் 60 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். சட்டமே சொல்கிறது.

சட்டம் 30 நாள் என்கிறது, காரணம் எழுதினால் மொத்தம் 60. சரி. ஆனால் அந்தக் கெடு தாண்டினாலும் உத்தரவு போடும் மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. அதாவது கெடுவைக் காட்டி நீங்கள் யாரையும் விரட்ட முடியாது.

அதே வாசகர்: உத்தரவு வந்துவிட்டால் போலீஸ் துணையோடு காலி செய்துவிடலாமே?

உத்தரவு வந்த பிறகும் வீட்டை எடுத்துத் தர நியமிக்கப்படும் வழக்கறிஞர் ஆணையர், போலீஸ், தேதி என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் கடன் வாங்கியவரோ வாடகைக்கு இருப்பவரோ கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தடை வாங்கினால் எல்லாம் நிற்கும். அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு ஐயா, வீடு போகிறவர்கள் அவர்கள். பொறுத்திருக்க உங்களிடம் பணம் இருக்கலாம். இங்கே கேட்பவர்களில் பாதிப் பேர் நகையை அடகு வைத்து வாங்குகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தாம்பரம் வாசகர்: ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, சுத்தமாக இருக்கிறது. போதாதா?

போதாது. ஈசியில் பதிவான பத்திரங்கள்தான் வரும். தீர்ப்பாய வழக்கு, குடியிருப்பவர், சொத்து வரி, குடிநீர் வரி, மின் பாக்கி, சங்கத்துக்குத் தர வேண்டிய பராமரிப்புப் பாக்கி எதுவும் அதில் தெரியாது. 'இருக்கிற நிலையில்' என்று எழுதித்தான் வங்கி விற்கிறது. சங்கச் செயலாளரை நேரில் பாருங்கள், வாட்ச்மேனிடமும் பேசுங்கள்.

போரூர் வாசகர்: ஒரு ஏல வீடு வெளி விலையைவிட 25 சதவீதம் குறைவாக வருகிறது. எடுக்கலாமா?

சாவி யாரிடம்? முதல் பதிலைப் படியுங்கள்.

கொளத்தூர் வாசகர்: அண்ணா, ஏலத்தில் ரேட் கம்மிதானே?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன், தம்பி.

குரோம்பேட்டை வாசகி: வாடகை வீட்டில் இருக்கிறோம். சேமிப்பு 20 லட்சம், மீதிக்கு லோன். ஒரு ஏல வீடு பிடித்திருக்கிறது.

அம்மா, வங்கியின் பூட்டு தொங்குகிற வீடாக இருந்தால் மட்டும் பாருங்கள். அதிகாரியிடம் கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். வழக்கு நிலவரத்தை எழுத்தில் கேளுங்கள். ஏல அறிவிப்பை எனக்கு அனுப்புங்கள், முன்பணம் கட்டும் முன் வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.