ரப்பர் பால் வந்த பேரலில் மீன் வளர்க்கலாமா?

கேள்வி: சார், எனக்குக் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். ரப்பர் போக, வீட்டுத் தேவைக்குக் கீரையும் மீனும் கிடைக்கட்டும் என்று, மீன் தொட்டித் தண்ணீரையே சுற்றவிட்டு ஜல்லிப் படுகையில் கீரை வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் தொடங்கினேன். ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) 200 லிட்டர் நீலப் பேரல் நாலு வாங்கினேன். உள்ளே ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. ‘எல்லாம் ஃபுட் கிரேடுதான், கழுவினால் போதும்’ என்றார் கடைக்காரர். உரித்தெடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் 40 திலேப்பியா குஞ்சு விட்டேன். மூன்றாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பேரலுக்கு உள்ளே என்ன பெயிண்ட் அடித்தால் சரியாகும்? அடுத்த வாரம் மறுபடி குஞ்சு வருகிறது.

பதில்: தம்பி, முதலில் குஞ்சு கொண்டுவருபவருக்குப் போன் போட்டு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பெயிண்ட் எதுவும் வேண்டாம். அந்தப் பேரல் ஹெச்.டி.பி.இ. என்ற பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக். அதன் வழவழப்பில் பெயிண்டும் பிடிக்காது, எபாக்சியும் பிடிக்காது. சில மாதத்தில் செதில் செதிலாக உரியும், மீன் அதைக் கொத்தித் தின்னும்.

பேரலின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும். நல்ல பிளாஸ்டிக்தான். ஆனால் அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்லும். உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. உணவு, குடிநீர் படும் பாலிஎத்திலீனுக்கு ஐ.எஸ். 10146 என்று தனி இந்தியத் தரம் உண்டு, அதுவும் புதுப் பொருளுக்குத்தான் பொருந்தும். பழைய பேரலைக் காட்டி ஃபுட் கிரேடு என்று ஒரு கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அதில் என்ன வந்தது என்று பெரும்பாலும் அவருக்கே தெரியாது. தெரிந்தாலும் அதைச் சொல்லி விற்க மாட்டார்.

நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பவை அமோனியா, ஃபார்மிக் ஆசிட், ரப்பர் பால் வந்த பாத்திரங்கள். முதல் இரண்டும் தண்ணீரில் நன்றாகக் கரையும். பலமுறை அலசிக் காயவிட்டால் போய்விடும். எனக்குப் பயம் பால் பேரல்தான். பால் உறையாமல் இருக்க அமோனியாவோடு டி.எம்.டி.டி., துத்தநாக ஆக்சைடு இரண்டையும் சேர்க்கும் வழக்கம் உண்டு. டி.எம்.டி.டி. வேறொன்றுமில்லை, விதை நேர்த்திக்கு நாம் வாங்கும் திரம் என்ற பூஞ்சணக்கொல்லிதான். மீனுக்குக் கடும் விஷம். துத்தநாகமும் மீனுக்கு ஆகாது. உங்கள் பேரலில் இவை வந்தனவா என்று என்னால் பார்க்க முடியாது, உங்களாலும் முடியாது. அதனாலேயே அது வேண்டாம் என்கிறேன். பூச்சிமருந்து வந்த பேரல் இதைவிட மோசம். மருந்து பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கும், சோப்புக்கு வராது. பிறகு மாதக்கணக்கில் தண்ணீரில் கசியும்.

இன்னொன்று. அமோனியா வாடை இருக்கும் பேரலில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரமீன் உண்டாகும். அந்தப் புகை உங்கள் நெஞ்சுக்கே கெடுதல். சும்மா வைத்தால் குளோரின் போவதுபோல இது சீக்கிரம் போகாது. மூன்று நாளில் எல்லாம் செத்ததைப் பார்த்தால், இதன் மீதும் பால் கசடின் மீதும்தான் எனக்குச் சந்தேகம்.

சரி, நீங்கள் கேட்காமல் விட்டதற்கு வருகிறேன். பேரல் புத்தம் புதிதாக இருந்திருந்தாலும் அந்தக் குஞ்சுகள் தேறியிருக்குமா? நிரப்பிய மறுநாளே விட்டிருக்கிறீர்கள். மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஜல்லியில் குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் கூட்டமாக மீன் விட்டால் தன் கழிவிலேயே சாகும். அதிலும் 200 லிட்டர் போதாது. சின்னத் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும். மீனுக்கு 1000 லிட்டருக்குக் குறைந்து நான் யாருக்கும் சொல்வதில்லை.

வீட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் கிணற்றுத் தண்ணீர் நின்று பாசி பிடித்த சிமென்ட் தொட்டி இருக்கிறதா? தலைப்பிரட்டை நீந்துகிறதா? அதைவிட நல்ல தொட்டி காசு கொடுத்தாலும் கிடைக்காது. பாசியைச் சுரண்டாமல் அதிலேயே தொடங்குங்கள். புதிதாகக் கட்டினால் சுண்ணாம்பு கசிந்து, தண்ணீரின் அமில-கார அளவான பி.ஹெச். 9-க்கு மேல் ஏறிவிடும். 28 டிகிரித் தண்ணீரில் பி.ஹெச். 7 என்றால், மொத்த அமோனியாவில் விஷமான பகுதி நூற்றில் ஒன்றுகூட இருக்காது. 9 ஆனால் நூற்றில் நாற்பது. அதனால் வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவிட்டு, மூன்று வாரமாவது தண்ணீரை மாற்றி மாற்றி இறக்குங்கள். சிமென்ட் தொட்டிக்கு வசதியில்லை என்றால் ஐ.எஸ். 12701 முத்திரை உள்ள புதுக் குடிநீர்த் தொட்டி வாங்குங்கள். கறுப்பு நிறம் நல்லது, வெளிச்சம் புகாது. ஃப்ளெக்ஸ் பேனரை விரித்துக் குளம் கட்டித் தருகிறேன் என்று வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். அது வளையும்படி மெதுமையூட்டி கலந்த பி.வி.சி., மேலே அச்சு மை வேறு.

தொட்டியைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு அதில் பித்தளை வால்வு மாட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கச் சரளை மண் கிணறுகளில் தண்ணீர் பெரும்பாலும் அமிலப் பக்கம், உப்பும் குறைவு. இப்படிப்பட்ட தண்ணீர் உலோகத்தைச் சீக்கிரம் அரிக்கும், செம்பின் விஷமும் அதில் கூடுதலாக வேலை செய்யும். பித்தளையில் செம்பு இருக்கிறது, மனிதன் குடித்தால் ஒன்றும் ஆகாத அளவுச் செம்பே மீனைக் கொன்றுவிடும். ஜி.ஐ. என்ற இரும்புக் குழாயில் துத்தநாகப் பூச்சு. வால்வு, குழாய், நட்டு எல்லாம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். குழாய் ஐ.எஸ். 4985 அச்சிட்ட குடிநீர்க் குழாய். ஒயரிங் குழாய் வேண்டாம். பி.வி.சி. குழாயில் ஈயத்தைக் குறைக்க 2021-ல்தான் நம் நாட்டில் விதியே வந்தது, அதனால் பழைய குழாயைத் தொடாதீர்கள்.

எந்தத் தொட்டியானாலும் இதைச் செய்யாமல் மீன் விடாதீர்கள். குழாய், ஜல்லி, மோட்டார் எல்லாம் பொருத்தி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஓடவிடுங்கள். பிறகு பத்து கப்பி மீன் விடுங்கள். அதே கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து, வீட்டில் புழங்கும் மண்பானையில் இன்னொரு பத்து. இரண்டிலும் இரை கொஞ்சமாகப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். தொட்டியில் மட்டும் செத்தால் கோளாறு தொட்டியிலோ பொருத்திய சாமானிலோ. இரண்டிலும் செத்தால் தண்ணீரில். ஆனால் இந்தச் சோதனை மீனைக் கொல்லும் விஷத்தை மட்டும்தான் காட்டும். கீரை வழியாக நம் உடம்பில் மெல்லச் சேர்வதைக் காட்டாது. பேரலின் பூர்வீகம் தெரியாமல் வாங்காதே என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

அந்த நாலு பேரலையும் வெட்டிக் கீரைப் படுகையாக்கலாம் என்று நினைப்பீர்கள். வேண்டாம், அதே தண்ணீர்தான் மீனுக்கும் சுற்றி வரும். ரப்பர் பால் ஊற்றவே வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் கொட்ட வேண்டாம். புதுத் தொட்டி வந்ததும் கிணற்றுத் தண்ணீரின் பி.ஹெச். பார்த்து எழுதுங்கள். குஞ்சு எத்தனை விடலாம் என்று அப்போது சொல்கிறேன்.