குங்குமப்பூ: நாட்டு மருந்துக்கடைக்காரர் பதில்கள்

மருமகளுக்கு ஐந்தாம் மாதம். குழந்தை சிவப்பாகப் பிறக்க எத்தனை கிராம் குங்குமப்பூ வாங்க வேண்டும்?
ஒரு வாசகி, திண்டுக்கல்

சிவப்புக்கு என்றால் ஒரு கிராமும் வேண்டாம் அம்மா. பிள்ளையின் நிறம் அப்பா, அம்மா வழியாக வருவது. பாலில் எதைக் கலந்தாலும் மாறாது. இப்படிச் சொன்னால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என் மகன் முறைப்பான், முறைக்கட்டும். வாசனைக்காகப் போடுவதென்றால் இரண்டு மூன்று இழை போதும், அதுவும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அளவு மிஞ்சினால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். நிறையப் போட்டால் நிறையச் சிவப்பு என்று அள்ளிப் போடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அசல் எது, போலி எது? ஏன் இந்த விலை?
ஒரு வாசகர், கோவை

வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து இரண்டு இழை போடுங்கள். சாயச் சரக்கு போட்டவுடனே சிவப்பாகக் கரைந்து, இழை வெளுத்துப் போகும். அசல் அவசரப்படாது. கால் மணி நேரத்தில் தண்ணீர் பொன்மஞ்சளாகும், இழை மட்டும் சிவப்பாகவே கிடக்கும். அதன் ஒரு முனை நாதஸ்வர அணசு மாதிரி விரிந்திருக்கும். சாயம் ஏற்றிய சோள நாருக்கும் குசும்பாப் பூ இதழுக்கும் அந்த வடிவம் வராது. நாக்கில் வைத்தால் லேசாகக் கசக்க வேண்டும். இனித்தால், எடை கூட்ட எதையோ தடவியிருக்கிறார்கள்.

விலைக்குக் காரணம் கைவேலை. நாம் வாங்கும் இழை பூவின் நடுவிலிருக்கும் சூலகமுடி. ஒரு பூவில் மூன்றேதான். ஒரு கிலோ சேர ஒன்றரை லட்சம் பூ வரை பறிக்க வேண்டும். காஷ்மீரில் பாம்பூர் பக்கம் அக்டோபர் கடைசியில் பூக்க ஆரம்பிக்கும். வெயில் ஏறுமுன் பறித்து, இழைகளைக் கையாலேயே பிரிப்பார்கள். காஷ்மீர் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் உலகச் சந்தையில் பெரும்பங்கு ஈரான் சரக்குதான். அதுவும் நல்ல சரக்கே. அதைக் காஷ்மீர் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் சண்டை போடுங்கள்.

மனச்சோர்வுக்கு நல்லதாமே?
ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஈரானில் தினம் 30 மில்லிகிராம் சாறு கொடுத்து நடத்திய சிறிய ஆய்வுகளில் லேசான மனச்சோர்வு குறைந்திருக்கிறது. அதை நம்பி, சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட்டு என் கடைக்கு வராதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பாலாடையில் குழைத்து முகத்தில் பூசலாமா?
ஒரு வாசகி, நெல்லை

பூசலாம், முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு. வறண்ட சருமம் மினுங்கும். அந்தப் புண்ணியத்தில் பாதி பாலாடைக்கு.

பாயசத்தில் போட்டும் நிறம் வரவில்லையே?
ஒரு வாசகி, சேலம்

கொதிக்கிற பாயசத்தில் இழையை அப்படியே தூவியிருப்பீர்கள். ஒரு சிட்டிகை சர்க்கரையோடு சின்னக் கல்வத்தில் நுணுக்கி, இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் அரை மணி ஊற வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். அப்போதும் இளமஞ்சள்தான் வரும். கல்யாண வீட்டுக் கேசரியின் ஆரஞ்சு வேண்டுமென்றால், அது கேசரிப் பவுடரின் வேலை.