வாசகர் கேள்வி – மெக்கானிக் பதில்

கேள்வி: கிளட்ச் பெடல் மெத்தென்று தரைவரை போகிறது. நாலைந்து முறை வேகமாக மிதித்தால்தான் கியர் விழுகிறது. கசிவு எதுவும் தெரியவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

பதில்: பிளேட் மேல் பழி போடாதீர்கள். அது தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். பெடல் மெத்தென்று ஆகாது. பெடலின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கடத்தும் ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கும், இல்லையென்றால் பெடல் பக்கமிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் சீல் தளர்ந்திருக்கும்.

எது என்று பிரித்தறிய, முன்னால் ஆள் இல்லாத சமதளத்தில் எஞ்சினை ஓடவிட்டு, சில தடவை அடித்து மிதித்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே ஒரு நிமிடம் பிடியுங்கள். வலது கால் பிரேக்குக்குத் தயாராக இருக்கட்டும். பெடல் மெல்ல இறங்கி வண்டி நகரப் பார்த்தால், அழுத்தம் எங்கோ விடுகிறது. ஸ்பஞ்சு போல இருந்தும் பிடித்த இடத்திலேயே நின்றால், காற்றுதான்.

கசிவு தெரியாத இடத்தில்தான் இருக்கும். பெடலிலிருந்து மாஸ்டரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடைத் தடவிப் பாருங்கள். லைனின் மறுமுனையில் கிளட்ச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஸ்லேவ் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் வண்டியானால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டும். சொட்டுவது தண்ணீரில் கரைந்தால் கிளட்ச் லைனில் ஓடும் பிரேக் ஆயில். மிதந்தால் எஞ்சின் அல்லது கியர் ஆயில். எங்குமே ஈரமில்லை, பெடல் மட்டும் இறங்குகிறதா? மாஸ்டரை மாற்றுங்கள்.

காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்கலாம். பெடல் தானாக எழாவிட்டால் கையால் தூக்குங்கள். குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள். மாஸ்டருக்கு ஆயில் தரும் டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்கு இறங்கினால் மறுபடி காற்று புகும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எந்த வகை பிரேக் ஆயில், டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது டப்பா மூடியிலேயே இருக்கும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: புது பிளேட் போட்டும், வண்டி சூடானதும் கிளட்ச் வழுக்குகிறது. ஆறியதும் சரியாகிறது. ஏன்?

பதில்: பெடலை விட்ட பிறகும் லைனில் அழுத்தம் தங்குகிறது. மாஸ்டரின் புஷ்ராடில் சிறிதும் இடைவெளி (ப்ளே) இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் ஸ்லேவைத் தள்ளும். வழுக்கும்போதே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நிப்பிளை லேசாகத் திறங்கள். ஆயில் பீச்சி, பிறகு கிளட்ச் பிடித்தால் சந்தேகமே இல்லை. சைலன்சர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புஷ்ராடைச் சரிசெய்தும் தொடர்ந்தால், துளை அடைத்திருக்கலாம், ஹோஸின் உட்சுவர் ஊதியிருக்கலாம். யாராவது எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் ரப்பர் எல்லாமே ஊதிவிடும். அப்போது மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் மாற்றுவதே வழி.