ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறப்பது யார்?

கேள்வி: இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் 16 வருடமாக இருக்கிறேன். கணவர் தவறிய பிறகு, பக்கத்து வீட்டு அம்மா கூட்டிப்போன, குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையின் கூட்டத்துக்கு இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். நாங்கள் கூடும் மீட்டிங் ஹவுஸ் 300 வருடம் தாண்டிய கல் கட்டடம். அரசின் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஞாயிறன்று வருவது ஒன்பது பேர், பெரும்பாலும் எழுபது கடந்தவர்கள். கூரை ஒழுகுகிறது. வைத்துக்கொள்வதா, வாடகைக்கு விடுவதா, விற்பதா என்று யோசித்துச் சொல்ல நான்கு பேரைப் போட்டு, அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். எங்களில் ஒரு பெரியவருடைய அப்பா அம்மாவைப் பின்னாலிருக்கும் தோட்டத்தில்தான் புதைத்திருக்கிறார்கள். நேற்று வந்தவளான நான் அவர் முகத்தைப் பார்த்து ‘விற்றுவிடலாம்’ என்று எப்படிச் சொல்வேன்?
– ஒரு வாசகி, இங்கிலாந்து

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 16 வருடம் அந்த மௌனத்தில் உட்கார்ந்தவர் நேற்று வந்தவர் ஆகமாட்டார். குவேக்கர்களிடம் ஓட்டெடுப்பு கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். எல்லோரும் பேசி முடித்த பிறகு கூட்டத்தின் மனம் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து, கூட்டத்தை நடத்தும் கிளார்க் அங்கேயே தீர்மானத்தை எழுதி வாசிக்கிறார். அதைக் கூட்டம் ஏற்றுக்கொண்டால்தான் முடிவு. நீங்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அந்த முடிவே குறைப்பட்டுப் போகும். ஆகவே பேசுங்கள். எதைப் பேசுவது என்பதற்கு வருகிறேன்.

மற்ற வாசகர்களுக்கு இரண்டு வரி. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய சபை இது. உங்கள் கூட்டம் போன்றவற்றில் பாதிரியாரும் இல்லை, பலிபீடமும் இல்லை. வட்டமாக உட்கார்ந்து அமைதியாக இருப்பார்கள், உள்ளிருந்து உந்துதல் வந்தவர் எழுந்து பேசுவார். கட்டடத்தை ‘சர்ச்’ என்று சொல்ல ஃபாக்ஸ் மறுத்தார், கூடுகிற மனிதர்கள்தான் சபை என்றார். நம் ஊரில் ஒரு கால பூஜைகூட நடக்காத கோயிலாக இருந்தாலும் உள்ளே சாமி இருக்கிறது, கைவைக்க மனம் வராது. மீட்டிங் ஹவுஸில் கருவறை என்று ஒன்று இல்லை. விற்பது பாவம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அதற்காக ‘வெறும் கல்லும் மரமும்தானே’ என்று சொல்லிவிடவும் எனக்கு வாய் வரவில்லை. கம்பிரியாவில் செட்பர் பக்கத்தில் பிரிக்ஃப்ளாட்ஸ் என்று ஒரு மீட்டிங் ஹவுஸ் இருக்கிறது. 1675இல் கட்டியது. மாடிப்படி அடியில் மரச்சட்டம் அடித்த சின்னக் கூண்டு ஒன்று உண்டு. ஆடு மேய்ப்பவர்கள் கூட்டம் முடியும்வரை தங்கள் நாயை அதில் விட்டுவைப்பார்களாம். அதன் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். இப்படிக் கூடினால் பிடித்து உள்ளே போடும் சட்டம் இருந்த காலம் அது. இவர்கள் தனியாகக் கூடி வழிபட அனுமதித்த சகிப்புச் சட்டம் வந்தது 1689இல்தான். சிறைக்குப் போகக்கூடும் என்று தெரிந்தே கட்டியவர்கள், நாய்க்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெரியவருக்கு அந்தக் கட்டடம் என்னவாக இருக்கும் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். விற்பதா வேண்டாமா என்ற பேச்சு ஓடும்போது மழை காத்திருக்காது. நான் சில வருடம் போய்வந்த ஒரு கூட்டத்தில் இரண்டு வருடம் இதையே பேசினோம். அதற்குள் கூரை ஓரத்து இரும்புப் பீலியில் இலை அடைத்து, அதில் பெரணிச் செடியே முளைத்துவிட்டது. வழிந்த தண்ணீர் சுவரில் இறங்கியது. பதறிப்போய்ச் சிமெண்ட் பூசினோம், அது அதைவிடப் பெரிய தப்பு. பழைய கல் சுவர் சுண்ணாம்புக் காரை வழியாகத்தான் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. பெஞ்சுக்குப் பின்னால் இருந்த மரப்பலகையை விரலால் அழுத்தினேன், ரொட்டி மாதிரி உள்ளே போனது. அந்தப் பலகையை இன்னும் மறக்க முடியவில்லை. எந்த முடிவு வந்தாலும் பீலியைச் சுத்தம் செய்வதும் நழுவிய கல் ஓட்டைத் திருப்பி வைப்பதும் இந்த மாதமே நடக்கட்டும். நாளைக்கு விற்றாலும் அந்தச் செலவு வீணாகாது. கூரையில் வௌவால் இருந்தால் மட்டும் நின்று விசாரியுங்கள், அங்கே அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

அடுத்தது, சுமை யாருடையது? ஒன்பது பேருடையது மட்டும் அல்ல. பிரிட்டனில் பொதுவாகச் சொத்துக்குப் பொறுப்பு, சுற்றுவட்டாரக் கூட்டங்கள் சேர்ந்த ஏரியா மீட்டிங்கின் டிரஸ்டிகள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வேயர் பார்த்து எழுதும் அறிக்கை அவர்களிடம் இருக்க வேண்டும், கேட்டு வாங்கிப் படியுங்கள். மீட்டிங் ஹவுஸ்களுக்கென்றே லண்டன் தலைமையகத்தில் ஒரு நிதி இருக்கிறது, அதையும் கேளுங்கள். ஆங்கிலிக்கன் சபை போன்ற சிலவற்றுக்குத் தங்கள் தேவாலய மராமத்துக்குத் தாங்களே அனுமதி கொடுத்துக்கொள்ளும் விலக்கு உண்டு. குவேக்கர்களுக்கு அது இல்லை. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூர்க் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். அறக்கட்டளைச் சொத்து என்பதால் விற்கும் முன் தகுதியுள்ளவரின் எழுத்து ஆலோசனையும் தேவை. அவசரப்பட்டு யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட முடியாது.

வாடகைக்கு விடுவதைப் பலர் கைமருந்தாகச் சொல்வார்கள். நல்ல வழிதான். யார்க்ஷயரில் ஏர்ட்டன் மீட்டிங் ஹவுஸை ஒட்டிய கொட்டகையில் மலையில் நடக்க வருபவர்கள் தங்கிப்போகிறார்கள். பாலர் பள்ளி, யோகா வகுப்பு, குடியை விட்டவர்கள் கூடும் குழு என்று எத்தனையோ பேருக்கு ஒரு சூடான அறை வேண்டும். ஆனால் போனை எடுப்பது யார், கோப்பை கழுவுவது யார், ராத்திரி பத்து மணிக்குப் பூட்டப் போவது யார்? எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் தலையில் அது விழுந்தால் அவரையும் இழப்பீர்கள். வாடகை வருமானத்தில் சாவியைக் கவனிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள் என்பேன்.

நான்கு பேர் முதல் முறை உட்காரும்போது பணக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஐந்து வருடம் கழித்து ஞாயிறு காலை கதவைத் திறப்பது யார்? மூன்று பெயர் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், பணத்துக்கு ஓடலாம். ஒரு பெயரும் வராவிட்டால், எவ்வளவு மனம் வலித்தாலும், கட்டடத்தை விட்டுவிடுவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. கட்டடத்தை விடுவது வேறு, கூட்டத்தை விடுவது வேறு. ஒன்பது பேருக்கு ஒரு வீட்டின் முன்னறை போதும், முதல் குவேக்கர்கள் வீட்டிலும் களஞ்சியத்திலும்தான் கூடினார்கள்.

தீர்மானத்துக்கு முன்னால் உங்கள் சபையிலேயே இருக்கும் ஒரு பழக்கத்தைப் பயன்படுத்துங்கள். ‘திரெஷிங் மீட்டிங்’ என்பார்கள். களத்தில் கதிரடிப்பது போல, பயம், கோபம், துக்கம் எல்லாவற்றையும் கொட்டி அடிக்கிற கூட்டம். அன்று எந்த முடிவும் எடுக்கக் கூடாது, அதுதான் அதன் விதி. அழுகிறவர் அங்கே அழட்டும்.

ஆனால் அந்தப் பெரியவர் விற்கும் பேச்சை முதல் முறையாகக் கூட்டத்தில் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்பே போய்ப் பாருங்கள். கல்லறைகளைப் பற்றி அவரிடம் சொல்ல உங்களிடம் உறுதியான ஒன்று இருக்கிறது. கட்டடத்தை விற்றாலும் புதைகுழித் தோட்டத்தைத் தனியாகச் சபையிடமே நிறுத்திக்கொள்ளலாம், போய்வரும் உரிமையைப் பத்திரத்தில் எழுதி வாங்கலாம். பழைய புதைகுழிகள்மேல் கட்டடம் எழுப்பவும் 1884ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடை வைத்திருக்கிறது. 1850 வரை குவேக்கர்கள் கல்லறைக்கல் வைக்கவே சபை ஒப்பவில்லை, அப்புறம்தான் ஒரே அளவில் தாழ்வான கற்கள் வந்தன. அதனால் கல் இல்லாத குழிகளும் அங்கே இருக்கலாம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று பழைய பதிவேட்டைப் பார்த்து ஒரு வரைபடம் போட அவரையே கேளுங்கள். அவரைவிட அந்த இடம் தெரிந்தவர் உங்களில் யாரும் இருக்கமாட்டார்.

அடுத்த மழைக்கு இருவரும் குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே வழிகிறது என்று அவர் காட்டுவார். குறித்துக்கொள்ள ஒரு பென்சில் எடுத்துப் போங்கள், மழையில் பேனா மை கரைந்துவிடும்.