பிணையாளி யார்? சிலுவை மரணம் பற்றிக் கேள்வி பதில்

தேவகோட்டை, வட்டிக்கடைக்காரர்: ஐயா, கடன் கொடுத்தவர் மனசு வைத்தால் நோட்டைக் கிழித்துப் போடலாம். கடவுள் ஏன் நம் பாவக் கடனைச் சும்மா மன்னிக்காமல், தப்பே செய்யாத இயேசுவிடம் சிலுவையில் வசூலிக்க வேண்டும்?

பதில்: நோட்டைக் கிழித்தாலும் ஐந்தொகை எடுக்கும்போது அந்தத் தொகை உங்கள் பக்கம் நட்டமாக நிற்குமே. மன்னிக்கிறவர்தான் அதைத் தாங்குகிறார். எபிரெயர் 7:22 இயேசுவைப் பிணையாளி என்கிறது. இந்தப் பிணையாளி வெளியாள் இல்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்தே உலகத்தை ஒப்புரவாக்கினார், அதாவது முறிந்த உறவைச் சரிசெய்தார் என்கிறார் அப்போஸ்தலர் பவுல் (2 கொரிந்தியர் 5:19). கடன் கொடுத்தவரே கடனாளியின் இடத்தில் வந்து நிற்கிறார். கோபக்கார அப்பா, அடிவாங்கும் பிள்ளை என்று மட்டும் கதை கட்டாதீர்கள்.

பள்ளத்தூர்: கருப்பருக்குக் கிடா வெட்டுவதும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: இல்லை தம்பி. நேர்த்திக்கடனில் கிடா மனிதரிடமிருந்து சாமிக்குப் போகிறது. இங்கே கொடுப்பவர் கடவுள். சிலுவைக்கு முன்னடையாளமாக லேவியராகமம் 16-ல் இரண்டு ஆடுகள் வரும். ஒன்று பலியாகும். மற்றதன் தலையில் ஆசாரியன் கைகளை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்புவான். பாவத்தைச் சுமந்து போவது இந்த இரண்டாவது ஆடுதான்.

கானாடுகாத்தான் ஆச்சி: நீலகண்டர் நஞ்சுண்டது போலவா?

பதில்: பிறருக்கு வரவிருந்த அழிவைத் தாமே வாங்கிக்கொண்டதுவரை ஒன்றுதான், ஆச்சி. ஆனால் நஞ்சு கண்டத்தோடு நின்றது. இயேசு செத்தே போனார்.

காரைக்குடி, கத்தோலிக்கர்: இறையியலாளர் அன்செல்ம் சிலுவையைத் தண்டனை என்று சொல்லவே இல்லையே?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். 11ஆம் நூற்றாண்டின் முடிவில் அவர் சொன்னது, ஒன்று ஈடு, இல்லையேல் தண்டனை. கிறிஸ்து ஈடு செய்ததால் தண்டனைக்கு வேலையில்லை. தண்டனையையே அவர் ஏற்றார் என்று 16ஆம் நூற்றாண்டில் அழுத்திச் சொன்னவர் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின். அவர் சட்டம் படித்தவர்.

மீண்டும் அவரே: அப்படியானால் அது கால்வினின் சட்டப் புத்தியில் வந்த சேர்க்கைதானே?

பதில்: அங்கேதான் மாறுபடுகிறேன். “நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது” என்பது ஏசாயா 53:5. ஆக்கினை என்றால் தண்டனை. கால்வினுக்கு 2,000 ஆண்டுகள் முந்திய வரியை அவர் தலையில் கட்ட முடியாது. அதே சமயம், தண்டனை ஒன்றே முழு விளக்கம் என்றும் சொல்லமாட்டேன். மாற்கு 10:45 மீட்கும் பொருள், அதாவது விடுவிக்கக் கொடுக்கும் விலை என்கிறது. கொலோசெயர் 2:15 தீய சக்திகள்மேல் வெற்றி என்கிறது. இந்த மூன்றில் எதைக் கைவிட்டாலும் சிலுவை குறைந்துபோகும்.

மூன்று பேர்: அப்பா மகனைத் தண்டிப்பது கொடுமையில்லையா?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள். அந்தக் கதை வேண்டாம் என்றேன். அப்புறம் யோவான் 10:18. அவர் உயிரை யாரும் பறிக்கவில்லை, அவரே கொடுத்தார்.

புதுவயல்: அப்படியானால் இனி எப்படியும் வாழலாமா?

பதில்: ரோமர் 6, முதல் இரண்டு வசனங்கள். பவுலிடமே கேட்டாயிற்று, கூடாது என்றுவிட்டார்.